கோகோ தோட்டத்துக்குத் தொண்டு செய்யப் போகும் மகன்

கேள்வி: “ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது. வேளாண்மை படித்த மகன், கோஸ்டாரிகா நாட்டில் விவசாயி வீட்டில் ஒரு மாதம் தங்கி, கோகோ தோட்டத்தில் தன்னார்வலராக வேலை செய்யப் போகிறானாம். சம்பளம் கிடையாது, நாம்தான் பணம் கட்ட வேண்டுமாம். வேலையும் செய்து காசும் கொடுப்பதா? அனுப்பலாமா?”

– வாசகர், ஆனைமலை.

பதில்: அனுப்பலாம். ஆனால், சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

கோஸ்டாரிகா, மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு. அதன் தென்கிழக்கில், கரீபியன் கடல் பக்கம் இருக்கிறது தலமாங்கா. மழையும் புழுக்கமும் நிறைந்த அந்தத் தாழ்நிலத்தில் பிரிப்ரி பழங்குடி மக்கள் பெரிய மரங்களின் நிழலில் கோகோவையும் வாழையையும் கலந்து வளர்க்கிறார்கள். 1970-களின் இறுதியில் மொனீலியா என்ற காய் அழுகல் நோய் அங்கே பரவியது. விளைச்சல் சரிந்து, பலர் கோகோவையே கைவிட்டார்கள். ஆண்கள் பலர் வாழைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். பனாமா எல்லையில் ஓடும் யோர்கின் ஆற்றங்கரைக் கிராமத்தில் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, வெளியாட்களைத் தங்கவைத்து, உணவளித்து, கோகோ பதப்படுத்துவதைக் காட்டி வருமானம் தேடிக்கொண்டார்கள். அங்கு வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது, விவசாயத்துக்குத் துணையாக வந்த இன்னொரு வருமானம்.

பழக்கமில்லாத ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலையால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய லாபம் இல்லை. சோறு போட்டு, தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஆகவே பணம் கொடுப்பது தவறில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் முக்கியம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

* கட்டும் தொகையில் தங்கவைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு, இடைத்தரகருக்கு எவ்வளவு?
* என்ன வேலை, தினம் எத்தனை மணி நேரம்? உள்ளூர்க் கூலியாளின் பிழைப்பைக் கெடுக்கும் வேலையா?
* வாங்கும் விசாவில் தன்னார்வ வேலைக்கு அனுமதி உண்டா? இதைத் தூதரகத்திடமே கேட்க வேண்டும்.
* உடல்நலக் காப்பீடும், திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்கிறதா?

“போன பிறகு சம்பள வேலை வாங்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. அங்கே பேசுவது ஸ்பானிய மொழி. நாலு வார்த்தை பழகிப் போனால் நல்லது.

இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மொனீலியா நோய் இந்தியாவில் இல்லை. நம் கோகோவில் வருவது கருங்காய் அழுகல்; அதை உண்டாக்குவது வேறு நோய்க்கிருமி. மொனீலியா தாக்கிய காயில் பழுப்புப் புள்ளி விழுந்து, பிறகு மேலே வெண்மையான மாவு படியும். அது முழுவதும் பூஞ்சாண வித்துகள். காற்றில் பறக்கும், துணியிலும் செருப்பிலும் ஒட்டும். நோய் புகுந்து ஓரிரு மாதம் கழித்தே வெளியில் தெரியும் என்பதால், பார்வைக்கு நல்ல காயும் நோயைச் சுமந்து வரலாம்.

எனவே காய், பச்சை விதை, நாற்று, ஒட்டுக்குச்சி எதையும் மகன் கொண்டுவரக் கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம். தோட்டத்தில் போட்ட செருப்பை அங்கேயே விட்டுவிடட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்த பிறகே பெட்டியில் வைக்கட்டும். வறுத்து அரைத்த சாக்லேட்டில் இந்த ஆபத்து இல்லை.

அவர் கற்றுவர வேண்டியது அங்குள்ளவர்களின் பழக்கம். வாரம் தவறாமல் மரம் மரமாகப் பார்த்து, வெள்ளை மாவு படியும் முன்பே நோய்க் காய்களை அகற்றுவது. கவாத்து செய்து காற்றும் வெளிச்சமும் புக விடுவது. விதைகளைப் பக்குவமாக நொதிக்க வைத்துக் காயவைப்பது. முதல் இரண்டும் நம் ஊர்க் கருங்காய் அழுகலுக்கும் உதவும்.

மகன் திரும்பிய பிறகு தோப்பில் வெள்ளை மாவு படிந்த காய் எதையாவது பார்த்தால், அதைப் பறித்து எடுத்துக்கொண்டு அலையாமல், வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைத் தோப்புக்கே அழைத்துக் காட்டுங்கள்.