மஞ்சளும் மாத்திரையும்

"ஆவாரம்பட்டை பச்சைத் தோலை அழுகாமல் இறுக்குகின்றதன்றோ? அது குடற்புண்ணையும் இறுக்கி ஆற்றாதோ, தம்பி?" என்றார் ஆம்பூரிலுள்ள எம் பெரிய தந்தையார். தோல் பதனிடுந் தொழிலிலேயே முதுமை எய்தியவர். பெருங்குடல் அழற்சி நோய் அவர்க்குண்டு. மருத்துவர் அளித்த மெசலமின் மாத்திரையை நிறுத்திப் பட்டைக் கஷாயமும் மஞ்சட்பொடியுமே உட்கொண்டு வந்தார். மூன்று திங்களில் குருதி கலந்த கழிச்சல் மீண்டது. தொட்டியிற் கிடப்பது உயிரற்ற தோல், குடலோ உயிருள்ளது என்று அன்றே அவர்க்கு எடுத்துரைக்க எமக்கு நாவெழவில்லை. ஆதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மஞ்சளை இகழ்தல் எம் கருத்தன்று. 2006-ஆம் ஆண்டு ஜப்பானியர் வெளியிட்ட ஆய்வொன்றில், நோய் அடங்கியிருந்தார் சிலர்க்கு வழக்கமான மருந்தோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமினும் அளிக்கப்பட்டது. ஆறு திங்களுள் அது பெற்ற 43 பேரில் இருவர்க்கும், பெறாத 39 பேரில் எண்மர்க்கும் நோய் திரும்பிற்று. நற்செய்தியே. ஆயின், 'வழக்கமான மருந்தோடு' என்னும் சொற்களை நம்மவர் படிப்பதேயில்லை! அன்றியும், மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே உளது. 2 கிராம் பெற வேண்டின் அறுபது கிராமுக்கு மேற்பட்ட பொடியை நாள்தோறும் விழுங்கல் வேண்டும். எந்தக் குழம்பு அதனைத் தாங்கும்? 2017-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் அளித்துப் பார்த்தபோது, போலி மாத்திரையினும் மிக்க பயன் காணப்படவில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளாற் சிலர்க்குக் கல்லீரல் கெட்டதும் உண்டு. குரோமியத்தாற் பாலாறு கெட்ட கதையை அறிந்த நம் ஊரார், மஞ்சட்பொடிக்கு நிறங்கூட்ட ஈயக் குரோமேட்டைக் கலக்கும் வஞ்சகரும் உளர் என்பதை அறிவாராக.

நிற்க. உணவிற்கு ஆற்றலில்லை என்று யாம் கூறோம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எளிதிற் செரியாத மாப்பொருளை உப்புக் கரைசலோடு வாந்திபேதி நோயாளர்க்கு அளிக்க, கழிச்சல் குறைந்தது. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மாவைப் புளிக்கச் செய்து விளைக்கும் அமிலங்கள் குடற்சுவர்க்கு உணவாகின்றன. சோறு ஆறுங்கால் அத்தகைய மாப்பொருள் சற்றே பெருகும். பழஞ்சோறுண்ண நாணுவார் இதனை எண்ணுக. ஆயினும் வாந்திபேதி வேறு, குடலழற்சி வேறு. குரோன் நோயாற் குடல் சுருங்கியவர்க்கு நார்மிக்க உணவே அடைப்பாகி இடர் செய்யும். அந்நோயுற்ற சிறார்க்கு ஆறு முதல் எட்டு வாரம் பிற உணவை நீக்கி, வகுத்தமைத்த நீருணவை மட்டுமே அளித்து அழற்சியை அடக்குகின்றனர். உணவே மருந்தாதல் அங்கேதான் மெய். அதுவும் மருத்துவர் அளந்து அளிக்கும் உணவு.

எம் பெரிய தந்தையார் இப்பொழுது மாத்திரையும் கொள்கின்றார், மஞ்சளிட்ட குழம்பும் உண்கின்றார். கஷாயம் பருகியதை மருத்துவரிடம் ஏன் கூறவில்லை என்று வினவினோம்.

"அவர் கேட்கவில்லையே, தம்பி" என்றார்.