நகரத்துப் புகைக்குக் கிராமமே கடைமடை

பயிருக்குப் பகை எது என்று கேட்டால் பூச்சி, நோய், களை, வறட்சி, வெள்ளம் என்று விவசாயிகள் தயங்காமல் சொல்வார்கள். காற்றைச் சொல்பவர் அரிது. ஆனால் நகரத்துச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் புகை, வெயிலில் மாறுதல் அடைந்து, காற்றோடு வந்து, பல மைல் தொலைவிலுள்ள வயலில் மகசூலைக் குறைக்கிறது என்பது ஐயமற நிரூபிக்கப்பட்ட உண்மை. இதற்குக் கடையில் விற்கும் மருந்து எதுவும் கிடையாது. புகையைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் வழி. எனவே வாகனப் புகையைக் குறைக்கும் திட்டங்கள் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடாமல், சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து வட்டார அளவில் வகுக்கப்பட வேண்டும் என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகிறேன்.

நல்ல ஓசோன், கெட்ட ஓசோன்

வானத்தில் மிக உயரத்தில் ஓசோன் என்ற வாயு ஒரு படலமாக இருந்து, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அது நல்ல ஓசோன். அதே வாயு தரையை ஒட்டி, நாம் சுவாசிக்கும் மட்டத்தில் உண்டானால் நுரையீரலுக்கும் கெடுதல், பயிரின் இலைக்கும் கெடுதல்.

இந்தத் தரைமட்ட ஓசோனை எந்த வாகனமும் நேராக வெளியிடுவதில்லை. எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. முழுவதும் எரியாத எண்ணெயும், பெட்ரோல் நிரப்பும்போது எழும் ஆவியும் ஹைட்ரோகார்பன்களாகக் காற்றில் கலக்கின்றன. இந்த இரண்டு வகைப் பொருள்களும் வெயில் படும்போது ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அதனால்தான் தெளிந்த வானமும் கடும் வெயிலும் உள்ள நாட்களில், பிற்பகல் நேரத்தில் இதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. மேகமூட்டமும் மழையும் உள்ள நாட்களில் குறைகிறது.

இங்கே விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெரிசல் மிகுந்த நகரச் சாலையில், வாகனத்திலிருந்து புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அங்குள்ள ஓசோனை ஓரளவு அழித்துவிடுகிறது. காற்று நகரத்தைக் கடந்து செல்லச் செல்ல அந்த வாயு குறைகிறது, ஓசோன் பெருகுகிறது. எனவே நகரின் நடுவில் இருப்பதைவிட, காற்று வீசும் திசையிலுள்ள கிராமங்களில் ஓசோன் அதிகமாக இருப்பது வழக்கம். பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்பது நம் பழைய குறை. நகரத்துப் புகையில் கடைமடைக்குத்தான் பங்கு கூடுதல்.

பயிரில் நடப்பது என்ன?

இலையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கரியமிலவாயு உள்ளே செல்லும்போது ஓசோனும் சேர்ந்து நுழைகிறது. உள்ளே சென்றதும் திசுக்களைத் தாக்குகிறது. பச்சையம் குறைந்து, இலை தன் காலத்துக்கு முன்பே பழுத்துவிடுகிறது. மணி பிடிக்கவும் கிழங்கு திரளவும் வேண்டிய மாவுச்சத்து, சேதத்தைச் சரிசெய்வதில் செலவாகிவிடுகிறது. கோதுமை, சோயா மொச்சை, பீன்ஸ், நிலக்கடலை, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை எளிதில் பாதிக்கப்படும் பயிர்கள். நெல் நடுத்தரம். மக்காச்சோளமும் சோளமும் ஓரளவு தாங்குபவை.

அகன்ற இலைப் பயிர்களில் முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில், ஊசியால் குத்தியது போன்ற பழுப்பு அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். இதைச் செஞ்சிலந்தி அல்லது இலைப்பேன் தாக்குதல் என்றும், சத்துக் குறைபாடு என்றும் தவறாக எண்ணுவது எளிது. இலையைத் திருப்பி, முடிந்தால் உருப்பெருக்கியால் பாருங்கள். பூச்சியோ நூலாம்படையோ இல்லாவிட்டால் உடனே மருந்தடிக்க வேண்டாம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலைகளை எடுத்துச் சென்று காட்டிக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பல சமயங்களில் புள்ளியே தோன்றாமல் மகசூல் மட்டும் குறைந்துவிடுவதும் உண்டு. விவசாயியின் கண்ணுக்குப் படாத நட்டம் இது.

நட்டத்தின் அளவு சிறிதல்ல. பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிற விஞ்ஞானிகளும் செய்த கணக்கு 2014-இல் வெளிவந்தது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் இந்தியா ஏறக்குறைய 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் நெல்லையும் இழந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. சுமார் 9 கோடியே 40 லட்சம் மக்களுக்குப் போதுமான தானியம் இது. இந்த நட்டத்துக்குப் பயிர் இன்சூரன்ஸ் இல்லை, நிவாரணம் இல்லை, யார் மீதும் வழக்கும் இல்லை.

கலிபோர்னியா விவசாயிகள் கண்டது

வாகனப் புகைக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் தெளிவானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். 1944-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கீரை வகைகளின் இலைகள் காரணம் புரியாமல் வெளிறிக் காய்ந்தன. பூச்சியுமில்லை, பூஞ்சாணமும் இல்லை. ரிவர்சைடு ஊரிலிருந்த பல்கலைக்கழக எலுமிச்சை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் காற்றே காரணம் என்றனர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலார், 1950-களின் தொடக்கத்தில், வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று சோதனை மூலம் காட்டினார். 1958-இல் திராட்சை இலைப் புள்ளிக்கும் ஓசோனே காரணம் என்று கண்டனர்.

காரணம் தெரிந்த பிறகும் காரியம் உடனே நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் 1947-லேயே காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தியிருந்தது. ஆனால் கடற்காற்று புகையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், மலையடிவாரத்திலுள்ள ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ மாவட்டங்களின் தோட்டங்களில் சேர்த்தது. ஒரு மாவட்டத்தில் பிறந்த புகைக்கு அடுத்த மாவட்டம் கட்டுப்பாடு போட முடியுமா? கடைசியில் 1977-இல் நான்கு மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து ஒரே வட்டார அமைப்பு ஏற்பட்டது. விவசாயம் மிகுந்த சான் வாக்கீன் பள்ளத்தாக்கிலும் 1991-இல் எட்டு மாவட்டங்களுக்குச் சேர்த்து ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். காற்று வரும் திசையிலுள்ள வட்டாரம், தன் புகையால் அடுத்த வட்டாரத்துக்கு நேரும் கெடுதலைக் குறைக்கக் கடமைப்பட்டது என்பதும் கலிபோர்னியாவின் சட்டத்தில் இடம்பெற்றது.

அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தில் நமக்குப் பாடமாகும் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, மக்களின் உடல்நலத்துக்கு ஒரு அளவுகோல் வைப்பதோடு, பயிர், மரம், கால்நடை, சொத்து ஆகியவற்றைக் காக்கவும் இரண்டாவது அளவுகோல் வைக்க வேண்டும் என்றது. மற்றொன்று, அளவை மீறும் வட்டாரம் எப்படி, எத்தனை ஆண்டுகளில் சரிசெய்யும் என்று எழுத்தில் திட்டம் கொடுக்க வேண்டும் என்றது. 1975 மாடல் கார்களிலிருந்து புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக் கருவி வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் ஆவியைப் பிடிக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டன. அளவுகோலும் படிப்படியாக இறுக்கப்பட்டது. நூறு கோடிப் பங்கு காற்றில் 120 பங்கு ஓசோன் வரை போகலாம் என்று 1979-இல் ஒரு மணி நேரத்துக்கு இருந்த அளவு, 2015-இல் எட்டு மணி நேரச் சராசரிக்கு 70 பங்கு என்றாகியது.

பலன் கிடைத்ததா? 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் 600 பங்கையும் தாண்டிய உச்ச அளவு, வாகனங்கள் பல மடங்கு பெருகிய பின்னும் பெருமளவு குறைந்தது. ஆயினும் அந்த வட்டாரமும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கும் இன்னும் நிர்ணயித்த அளவை எட்டவில்லை. காலம் தாழ்த்தினால் சரிசெய்யப் பல தலைமுறை ஆகும் என்பதே இதிலுள்ள எச்சரிக்கை.

நம் நாட்டில் நிலைமை

நம் நாட்டிலும் ஓசோனுக்கு 2009-இல் அளவு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில் சுமார் 50 பங்கு. ஆனால் பயிருக்கென்று தனி அளவு இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 40 பங்குக்கு மேற்பட்ட மிகுதியைப் பகல் நேரம் முழுதும், மணிக்கு மணி, மூன்று மாதங்களுக்குக் கூட்டிப் பார்க்கிறார்கள். ஏனெனில் பயிருக்கு ஒரு நாள் உச்சத்தைவிடப் பருவம் முழுதும் தொடரும் மிதமான அளவும் கெடுதல். நம் அளவுகோலுக்குள் அடங்கிய காற்றிலும் பயிர் நட்டப்படலாம்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தது பெரிய முன்னேற்றம். எனினும் பழைய லாரிகளும் பஸ்களும் இன்னும் சாலையில் ஓடுகின்றன. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களை மையமாகக் கொண்டது. அதன் இலக்கு தூசித் துகளைக் குறைப்பது. ஓசோனுக்கு அதில் இலக்கு இல்லை. கிராமத்துக்கும் இலக்கு இல்லை.

தில்லியையும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களின் பகுதிகளையும் சேர்த்து 2021-இல் சட்டப்படி ஆணையம் அமைத்தது சரியான பாதை. ஆனால் அங்கும் விவசாயி நினைவுக்கு வருவது குற்றவாளியாகத்தான். வைக்கோலை எரித்தால் இரண்டு ஏக்கருக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் 5,000 ரூபாய் என்று 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாக்கப்பட்டது. எரிப்பது தவறு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் புகையும் ஓசோனுக்கு மூலப்பொருள்தான். ஆனால் வயலிலிருந்து நகரம் செல்லும் புகைக்குக் கணக்கு உண்டென்றால், நகரத்திலிருந்து வயலுக்கு வரும் புகைக்கும் கணக்கு வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஓசோன் அளக்கும் கருவிகள் நகரச் சந்திப்புகளில் மட்டுமன்றி, காற்று வீசும் திசையிலுள்ள வயல்வெளிகளிலும் வைக்கப்பட வேண்டும். வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கு ஏற்ற இடங்கள். அளக்காத நட்டம் எந்தத் திட்டத்திலும் ஏறாது.

இரண்டாவதாக, பயிருக்கென்று தனி அளவுகோல் வேண்டும். நெல், நிலக்கடலை, பயறு வகைகளில் நம் ரகங்கள் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்து அதை நிர்ணயிக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஆற்றுக்கு வடிநிலம் இருப்பதுபோல் காற்றுக்கும் ஒரு பரப்பு உண்டு. சாலை, பஸ் போக்குவரத்து, லாரி நிறுத்தம், தொழிற்பேட்டை ஆகியவற்றை அந்தப் பரப்பு முழுவதையும் கருதித் திட்டமிட வேண்டும். அந்தக் குழுவில் வேளாண்மைத் துறையும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். இரண்டு மூலப்பொருள்களையும் சேர்த்துக் குறைப்பதும் அவசியம். நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் சிறிதளவு குறைத்தால் நகரத்துக்குள் ஓசோன் கூடவும் வாய்ப்புண்டு.

நான்காவதாக, பழைய ஆயில் எஞ்சினையும் டிராக்டரையும் மாற்றச் சொல்வதற்கு முன் பணம் ஒதுக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1998-இல் தொடங்கிய கார்ல் மோயர் திட்டம், பழைய டீசல் எஞ்சின்களை மாற்ற மானியம் தந்தது. பண்ணைகளுக்குக் காற்று அனுமதியிலிருந்து இருந்த விலக்கை நீக்கும் சட்டம் அங்கே 2003-இல்தான் வந்தது. மானியம் முன்னால், சட்டம் பின்னால் என்ற இந்த வரிசை நமக்கும் ஏற்றது.

விவசாயிகளின் பங்கு

கரும்புத் தோகையையும் குப்பையையும் எரிக்காமல் மூடாக்காகவோ மக்காகவோ பயன்படுத்துங்கள். ஆயில் எஞ்சினையும் டிராக்டரையும் காலத்தில் பழுது பாருங்கள். கரும்புகை என்பது வீணாகும் டீசல். மண் பரிசோதனைப்படி உரமிட்டுப் பயிரைத் திடமாக வைத்திருங்கள். தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடி ஓசோன் நுழைவது குறையும் என்பது உண்மையே. அதற்காகப் பயிரைக் காயவிடக் கூடாது; அதில் வரும் நட்டம் பெரிது. ஓசோனைத் தடுக்கும் மருந்து என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் சோதனைக்கென்று பயன்படும் பொருள் உண்டே தவிர, விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது எதுவும் இல்லை.

இவையெல்லாம் நம் கையில் உள்ள சிறு பங்கு. பெரும் பங்கு சாலையில் இருக்கிறது. பக்கத்து நகரத்துக்குச் சுற்றுச்சாலையோ, லாரி முனையமோ, புதுத் தொழிற்பேட்டையோ வருகிறதென்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், நிலத்துக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எங்கள் வயலில் ஓசோன் எவ்வளவு, அதை யார் அளப்பார்கள், கூடினால் யார் குறைப்பார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். கடைமடைக்காரர் கேட்காமல் தண்ணீரும் வந்ததில்லை. கேட்காமல் புகையும் குறையாது.