‘வல்லவன்’ மீது வழக்குப் போடுவோருக்குச் சில வினாக்கள்



பிள்ளைகளின் தமிழ் ஏன் இப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நம்மவரின் சுட்டுவிரல் உடனே பாடகர்களை நோக்கி நீள்கிறது. அண்மையில் ஆசிரியர் சிலரோடு உரையாடியபோதும் இதுவே நடந்தது. சொல்லிசை வந்தது, தமிழ் கெட்டது என்றார் ஒருவர். எப்போது வந்தது என்றேன். “அதுதான், அந்த ‘வல்லவன்’ இறுவட்டு வந்ததே, அப்போது” என்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகியும் இந்த வழக்கு முடியவில்லை!

2006-ஆம் ஆண்டில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி - நட்சத்ரா’ என்னும் பெயரில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பே ‘வல்லவன்’. (அதே ஆண்டு வந்த சிம்புவின் படம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.) யோகி பி அதற்கு முன்பே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்தவர். 1998-இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலமே முதன்மை. அங்கிருந்து அவர் தமிழுக்கு வந்தார். இதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய ஒருவர் தமிழைத் தேடி வந்து ஒரு தொகுப்பைப் படைக்கிறார். நாமோ அவரை வாசலிலேயே நிறுத்தி ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘மடை திறந்து’ பாடலைத்தான் மிகுதியாகத் திட்டினார்கள். 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை எடுத்து, அதன்மேல் தம் சொல்லிசையை ஏற்றியிருந்தார்கள். நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் மூலப்பாடலைத் தேடிக் கேட்டதே இதற்குப் பிறகுதான். கெடுத்தவர்கள் செய்யும் வேலையா இது?

அப்பாடல் தமிழ்நாட்டில் பரவியது. 2007-இல் ‘பொல்லாதவன்’, 2011-இல் ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’ என யோகி பி-யின் குரல் அங்குள்ள படங்களிலும் ஒலித்தது. ‘ஹிப் ஹாப் தமிழா’ ஆதியின் முதல் தொகுப்பு 2012-இல்தான் வந்தது. அவ்வகையில் மலேசியத் தமிழன் ஆறாண்டு முந்திக்கொண்டான். ஆனால், சென்னை கைதட்டிய பிறகே நமக்குக் கை இருப்பது நினைவுக்கு வந்தது. சென்னையிலிருந்து வரும் திரைப்பாடலில் பாதி ஆங்கிலம் இருந்தாலும் பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு நடனமாட விடுகிறோம். நம் பிள்ளைகள் எழுதியதற்கு மட்டும் இலக்கண நூலைத் தூக்குகிறோம்.

‘வல்லவன்’ குறையற்றது என நான் வாதாட வரவில்லை. ஆங்கிலக் கலப்பு மிகுதி, தற்பெருமையும் மிகுதிதான். வகுப்பறையில் இதனைப் பாடமாக வைக்கச் சொல்லவுமில்லை. ஆனால், கலப்பைப் பற்றிப் பேசும் நாம் எந்தத் தமிழில் பேசுகிறோம்? பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் ‘பாசார் மாலாம்’ போகிறோமே, அங்கே எந்தத் தொல்காப்பியரைக் கண்டோம்? விரைந்தோடும் சொற்கட்டு தமிழுக்குப் புதிதா? அருணகிரிநாதரின் சந்தத்தையும் காவடிச்சிந்தின் முடுகையும் நாவு பிறழாமல் சொல்லப் பழகிய பிள்ளைக்குச் சொல்லிசை அயலாகத் தோன்றாது.

இன்னொரு கூட்டத்தார் காதல் பாட்டு ஆகாது என்பார்கள். குறுந்தொகை எதைப் பாடுகிறது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு மேலே செல்வோம்.

தடுத்தால் நிற்கும் என்பது வெறும் மயக்கம். ரெகேத்தோன் என்னும் இசை புவேர்த்தோ ரிக்கோ தீவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தது. 1995-இல் அங்குள்ள காவல்துறை கடைகளுக்குள் புகுந்து அவ்வகை ஒலிநாடாக்களைப் பறிமுதல் செய்தது. பின்னர் நடந்தது என்ன? 2004-இல் டாடி யாங்கியின் ‘காசோலினா’ உலகெங்கும் ஒலித்தது. 2017-இல் அவரும் லூயிஸ் ஃபொன்சியும் பாடிய ‘டெஸ்பசீத்தோ’ என்னும் காதல் பாடல் நம் தோட்டப்புறம் வரை வந்தது. அவ்வாண்டு சூலையில் ஆர்.டி.எம். அதனை ஒலிபரப்புவதை நிறுத்தியது. தனியார் வானொலிகளுக்கு அத்தடை இல்லை. பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கும் இல்லை. ஒரு சொல்லும் புரியாமலேயே செம்பனைத் தோட்டத்துச் சிறுவர்கள் அதைப் பாடித் திரிந்தார்கள்.

புரியாத இசுபானிய மொழிப் பாட்டு இத்தனை எளிதாக நுழையும் இடத்தில், புரியும் தமிழில் நம்மூர்க்காரர் பாடினால் அது கேடா?

உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. நம் பிள்ளை ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறுகிறது. படிவம் ஒன்றில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும்போது தமிழ் பல இடங்களில் வகுப்பு அட்டவணையிலேயே இருப்பதில்லை. இருந்தாலும் பள்ளி நேரம் முடிந்த பிறகு, பேருந்து போய்விட்ட பிறகு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பேருந்து போய்விட்டால் வகுப்பும் போய்விட்டது. தமிழ்ப்பள்ளியில் படித்தோரில் ஒரு பகுதியினரே எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுகின்றனர். எஞ்சியோர்க்கு அந்தப் பதின்மூன்றாம் வயதிலிருந்து தமிழ் என்பது என்ன? வீட்டுப் பேச்சு, வானொலி, பாட்டு. நாம் கைவிட்ட பிள்ளையை யார் பாட்டாவது பிடித்து வைத்திருந்தால் அவர்மீதா வழக்கு?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும். பதினைந்து பேர்தாம்! ஒரு திருமண விருந்தில் ஒரே மேசையைச் சுற்றி ஏறக்குறைய அத்தனை பேர் அமர்ந்து, இக்காலப் பாட்டுகளைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் படிவம் ஒன்றில் பிள்ளை வைத்திருப்போர் எத்தனை பேர் அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள்?

‘வல்லவன்’ தமிழைக் கெடுத்தது என்று இனி என்னிடம் சொல்ல வருபவர், தம் பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளியின் பெயரையும், அங்கே தமிழ் வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதையும் முதலில் சொல்லட்டும். விடை தெரிந்தவரோடு யோகி பி-யின் தமிழைப் பற்றி மணிக்கணக்கில் வாதாட நான் அணியமாக இருக்கிறேன்.