ஒரு நாள் சம்பளத்தில் ஒரு பொம்மை: எத்தனை நாள் நிற்கிறது?

சித்தியவான், டிச. 18 – தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் சேர்ந்த அங்பாவ் பணம் கரைவதற்குள் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. பேராக்கில் 2025 டிசம்பர் 20 முதல் 2026 ஜனவரி 11 வரை பள்ளிகளுக்கு விடுமுறை. இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. பள்ளி திறந்த கையோடு ஜனவரி 15இல் பொங்கல். 1903ஆம் ஆண்டு சீனாவின் ஃபூச்சௌவிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய ஊர் என்பதால், சித்தியவானில் கிறிஸ்துமஸ் எல்லா இனத்தவருக்கும் பழகிப்போன பண்டிகை. ஸ்ரீ மஞ்சோங் பேரங்காடிகள் முதல் ஆயர் தாவார் இரவுச் சந்தை வரை, இந்த மூன்று வாரங்களில் பெற்றோரின் சட்டையைப் பிடித்து இழுப்பது பொம்மைகள்தான்.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வைத்தால், நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். பேரங்காடியில் கண்ணைப் பறிக்கும் ரிமோட் கார் ஒன்று அந்த விலைக்கு வரும். அதாவது ஒரு தாயோ தந்தையோ காலை முதல் மாலை வரை தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்ததன் பலன் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது மூன்றே நாளில் சக்கரம் கழன்று கட்டிலுக்கடியில் கிடந்தால், உடைந்தது ஒரு நாள் உழைப்பு.

விற்பது எது, நிற்பது எது?

கடைகளில் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் பொத்தானை அழுத்தினால் பாடும், ஓடும், மின்னும் மின்கலப் பொம்மைகள். இவை முதல் நாளில் தரும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் பொம்மையே எல்லாவற்றையும் செய்துவிடுவதால், பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரே பாட்டைப் பத்து முறை கேட்டபின் சலித்துவிடுகிறது. மின்கலம் தீர்ந்தாலோ அதன் கதையும் முடிந்தது.

இன்னொரு வகை, ஆசையையே விற்கும் பொம்மைகள். ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் உருவாக்கிய லாபுபு பொம்மைக்கு 2025இல் உலகமே வரிசையில் நின்றது. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் 'மர்மப் பெட்டி' முறைதான் அதன் பலம். வேண்டியது கிடைக்கும்வரை மீண்டும் வாங்கத் தூண்டும் விற்பனை உத்தி அது. மவுசு ஏறியதும் மலிவுப் போலிகள் பெருகின. அவை எளிதில் பிய்ந்து சிறு துண்டுகளாகிக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும் என்று அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு லாபுபுவும் தெரியாது, அதன் மறுவிற்பனை விலையும் தெரியாது. அந்த ஆசை பல வேளைகளில் பெரியவர்களுடையது.

விலையைவிட முக்கியம் உயிர்

மலேசியாவில் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009ஆம் ஆண்டிலேயே தனிப் பாதுகாப்பு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு உட்பட்ட பொம்மையில் 'எம்சி' முத்திரை இருக்க வேண்டும். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைக் கண்காணிக்கிறது. ஆயினும் இரவுச் சந்தைத் தரைவிரிப்பிலும், வெளிநாட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் இணையப் பொட்டலத்திலும் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

குறிப்பாக மூன்று பொருள்களில் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, சட்டைப் பொத்தான் போன்ற வட்ட மின்கலம். இதை விழுங்கிய குழந்தையின் உணவுக் குழாயில் இரண்டே மணி நேரத்தில் கடும் புண் ஏற்படக்கூடும். மின்கலப் பெட்டி திருகாணியால் மூடப்படாத பொம்மையை வாங்கவே கூடாது. இரண்டாவது, சிறு காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் அவை வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். மூன்றாவது, தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண நீர்மணிகள். இவை வயிற்றுக்குள்ளும் ஊதிக் குடலை அடைக்கும். அமெரிக்காவில் அமேசான் முதலிய பெரிய நிறுவனங்கள் குழந்தைகளுக்கான நீர்மணி விற்பனையை 2023 இறுதியில் நிறுத்தின.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் 'மலத்தோடு வந்துவிடும்' என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கழிவறைக் காகிதச் சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாய்க்குள் ஒரு பொருள் நுழைந்தால், அது அந்த வயதுக்கு ஆகாது. ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் இன்னும் பெரிய பிள்ளைகளுக்கும் ஆபத்தானவை.

திறன்பேசி பரிசாகுமா?

இன்று பல வீடுகளில் பிள்ளைக்குக் கொடுக்கும் 'பெரிய' பரிசு ஒரு டேப்லெட் அல்லது அப்பாவின் பழைய திறன்பேசி. வேலைக்குப் போகும் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவுக்கும் அது தரும் ஓய்வைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாக இருக்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழும் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது.

16 வயதுக்குட்பட்டோரின் சமூக ஊடகக் கணக்குகளுக்கு ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10ஆம் தேதி தடை விதித்தது. மலேசியாவும் 2026இல் அதே வழியில் செல்லப்போவதாக அரசாங்கம் 2025இல் அறிவித்தது. 15 வயதுப் பிள்ளைக்கே கட்டுப்பாடு தேவை என்று நாடுகள் முடிவெடுக்கும் நேரத்தில், நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொந்தத் திரை வாங்கித் தருவது முரணாகத் தெரிகிறது.

பொம்மையும் தமிழும்

நம் சமூகத்திற்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் வட அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரும் அவர்களின் பெற்றோரும் விளையாடும்போது என்ன பேசுகிறார்கள் என்று அவர்கள் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் நிமிடத்திற்குச் சுமார் 40 சொற்களே பேசினர். சாதாரணப் பொம்மைகளோடு அது 56 ஆனது, புத்தகத்தோடு 67. பொம்மை பேசினால் பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இங்கே கடையில் கிடைக்கும் பேசும் பொம்மைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சீனத்திலோதான் பேசும். தமிழ் பேசும் பொம்மையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேசாத பொம்மையை வாங்கினால் அம்மாவும் பாட்டியும் தமிழில் பேசுவார்கள். 'சிவப்புக் கட்டையை எடு', 'யானைக்குச் சோறு ஊட்டு', 'இன்னும் ஒன்று வைத்தால் சரியும்' என்று தரையில் உட்கார்ந்து பேசும் பேச்சுதான் தமிழ்ப்பள்ளிக்குப் போகுமுன் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் தமிழ்ப் பாடம்.

எண்ணிக்கை கூடினால் மகிழ்ச்சி கூடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 மழலைகளைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஆய்வில், 16 பொம்மைகளோடு விடப்பட்டபோது இருந்ததைவிட, 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினர்.

தோட்டம் தந்த விளையாட்டு

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆய்வு புதிதல்ல. ரப்பர் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்தார்கள். ரப்பர் வளையங்களைக் கோத்துத் தாண்டினார்கள். பாக்கு மட்டையில் தம்பியை உட்கார வைத்து இழுத்தார்கள். அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் மலாய்க்காரப் பிள்ளைகளிடம் பத்து செரம்பானாகவும் சொங்காக்காகவும் இருந்தன.

இதைச் சொல்லி அந்தக் காலம்தான் பொற்காலம் என்று முடித்துவிடக் கூடாது. கையில் காசில்லாததால் அந்தப் பிள்ளைகள் கொட்டையையும் மட்டையையும் எடுத்தார்கள். ஆனால் காசுக்குப் பதிலாக அவர்களுக்கு இரண்டு செல்வங்கள் இருந்தன: லயத்து வாசலில் திறந்த இடம், கூட விளையாடப் பத்துப் பிள்ளைகள். ரப்பர் செம்பனையாகி, தோட்டக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்தபோது அந்த இரண்டும் கைநழுவின. இன்று பொம்மைக் கடையில் பெற்றோர் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி, தொலைந்த வாசலுக்கும் தொலைந்த கூட்டாளிகளுக்கும் கொடுக்கும் ஈடு. அதனால்தான் எவ்வளவு வாங்கினாலும் போதவில்லை.

வயதுக்கேற்ற தேர்வு

அப்படியானால் எதை வாங்குவது? பிள்ளை அதை எத்தனை விதமாக விளையாடலாம், அடுத்த ஆண்டும் விளையாடுமா, இன்னொருவர் சேரலாமா என்ற மூன்று கேள்விகள் போதும்.

ஒரு வயதுக்குள்: கிலுகிலுப்பை, துணிப் பந்து, தடித்த அட்டைப் புத்தகம். சமையலறைக் கிண்ணமும் மரக்கரண்டியும்கூடச் சேர்த்தி.

ஒன்று முதல் மூன்று வயதுவரை: மரக்கட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் கிண்ணங்கள், இழுத்துச் செல்லும் வண்டி, பெரிய பந்து. மூன்று சக்கர நடைவண்டியை நம் முன்னோர் இதற்காகவே செய்தார்கள். நிற்கப் பழகும் பிள்ளை தானே தள்ளி நடக்கும்.

மூன்று முதல் ஆறு வயதுவரை: சொப்புச் சாமான், படப் புதிர், வண்ணப் பென்சிலும் வெற்றுத்தாளும், கதைப் புத்தகம், சிறிய சைக்கிள், பம்பரம், பட்டம். ஐந்து வயதானால் பல்லாங்குழியும் பரமபதமும் எண்ணக் கற்றுத்தரும்; புளியங்கொட்டையைத் தம்பி தங்கை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை கூடியதெல்லாம் வீண் என்பதும் இல்லை. லெகோ கட்டைகள் மலிவல்ல. ஆனால் 1958இல் செய்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். அண்ணனிடமிருந்து தம்பிக்கும், பிறகு சித்தி மகனுக்கும் போகக்கூடிய பொருளின் விலையை மூன்றால் வகுத்துப் பார்க்கலாம். ஆளுக்கொரு 20 ரிங்கிட் பொம்மையாக ஐந்து பேர் வாங்குவதைவிட, மாமா, அத்தை, சித்தப்பா எல்லாரும் சேர்ந்து 100 ரிங்கிட்டில் ஒரு நல்ல பொருளை வாங்குவது மேல்.

கடனில் வேண்டாம் மகிழ்ச்சி

இணையத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. திரையில் காணும் மலிவு எப்போதும் முழு விலையல்ல. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டத்தில் பொம்மை வாங்கினால், பொம்மை உடைந்தபின்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். தாமதித்தால் அபராதமும் சேரும். இத்தகைய கடன்களை ஒழுங்குபடுத்தும் நுகர்வோர் கடன் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் வீட்டு வரவு செலவை எந்தச் சட்டமும் பார்த்துக்கொள்ளாது. ஜனவரியில் சீருடை, காலணி, பள்ளிப் பேருந்துக் கட்டணம் காத்திருக்கின்றன. அரசாங்கம் மாணவருக்குத் தரும் 150 ரிங்கிட் பள்ளி உதவித்தொகை அவற்றுக்கே போதாது.

ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். பழுதான பொருளை மாற்றித்தர விற்பனையாளர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

இந்த விடுமுறையில் வீட்டிலிருக்கும் பொம்மைகளில் பாதியை எடுத்து ஒரு பெட்டியில் மறைத்து வைத்துவிட்டு, பொங்கலுக்கு வெளியே எடுத்தால் அவை புதியவை போலவே வரவேற்கப்படும். செலவில்லாத பரிசு அது. மீதமிருக்கும் பணத்தில் ஒரு பந்து வாங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டால், தாமான் திடலில் ஒரு மாலைப் பொழுது நிறையும். அந்தப் பந்தை உதைக்கப் பெற்றோரில் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கடையில் விற்கும் எதுவும் அதற்கு ஈடாகாது.