நம் நாட்டுப் பாம்பு கடல் தாண்டிய கதை



கூரையிலிருந்தோ முருங்கை மரத்திலிருந்தோ ஒரு பாம்பு முற்றத்தில் விழுந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது தடிதான். அது என்ன பாம்பு என்ற கேள்வி அது செத்த பிறகுதான் வரும். சிலவேளை வருவதேயில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்ட சிலரால், நமது நாட்டுக்கு மட்டுமே உரியது என்று எழுபது ஆண்டுகளாக நூல்களில் எழுதப்பட்டுவந்த ஒரு பாம்பின் விபரமே திருத்தி எழுதப்பட்டது. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

பறக்கும் பாம்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர்தான் அப்படி, அதற்கு இறக்கை கிடையாது. உயர்ந்த மரத்தில் ஏறி, கிளை நுனியிலிருந்து எகிறிப் பாயும். பாயும்போது விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கிக் கொள்ளும். அடிவயிறு உட்குழிந்து நிற்கும். காற்றிலேயே நெளிந்து நெளிந்து சறுக்கிக்கொண்டு போய் அடுத்த மரத்தில் இறங்கும். பகலில் திரியும் இப்பாம்பு பல்லி, ஓணான் போன்றவற்றைத் தின்று வாழ்கிறது. அதன் நஞ்சு பின்பற்களில் உள்ள சிறிதளவே. மனிதருக்கு அதனால் உயிராபத்து இல்லை. ஆனால் உடம்பில் உள்ள பட்டைகளைக் கண்டு, கட்டுவிரியன் என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். இந்த இனத்தில் ஒன்றைச் சிங்களத்தில் 'பொல்மல் கரவலா' என்றே அழைக்கிறார்கள். 'பொல்மல்' என்றால் தென்னம்பூ. 'கரவலா' என்பது கட்டுவிரியன். அப்பாவிப் பாம்புக்குக் கொடிய பாம்பின் பெயர்!

நமது நாட்டில் பறக்கும் பாம்பு இரண்டு வகை உண்டு. ஒன்று இந்தியாவிலும் அதற்குக் கிழக்கேயுள்ள நாடுகளிலும் பரவலாக வாழ்வது. மற்றதை 1943ஆம் ஆண்டு மல்கம் ஸ்மித் என்ற ஆங்கிலேய அறிஞர் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார். அராபிய வணிகர்கள் நமது தீவை சரந்தீப் என்று அழைத்ததுபோல, கிரேக்கர் அதற்கு முன்னர் தப்ரபேன் என்று அழைத்தனர். அந்தப் பெயரையே ஸ்மித் பாம்புக்குச் சூட்டினார். வரண்ட பிரதேசக் காடுகளில் வாழும் அப்பாம்பு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்றே எல்லோரும் நம்பி வந்தார்கள்.

2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில், திருப்பதியை அடுத்துள்ள சேஷாசல மலைக்காட்டில் இதே பாம்பு காணப்பட்டதை அது அறிவித்தது. செம்மரம் வளரும் வரண்ட காடு அது. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் 400 கிலோமீற்றருக்கும் அதிக தூரம் வரும்.

"நான் கண்டேன்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் இதுபோன்ற செய்தி ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி வந்தால் ஊரை விசாரிக்கிறோம், குடும்பத்தை விசாரிக்கிறோம், சொன்னவரின் சொல்லையும் விசாரிக்கிறோம் அல்லவா? அதைவிடக் கடுமையான விசாரணை இது. பாம்பின் முதுகில் குறுக்காக எத்தனை வரிசைச் செதில்கள், வயிற்றில் எத்தனை, வாலடியில் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். தலைச் செதில்களின் அமைப்பைப் பார்ப்பார்கள். நீளம் அளப்பார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எப்படிப்பட்ட காட்டில் கிடைத்தது என்று குறிப்பார்கள். முன்னர் பதிவான இனங்களின் விபரங்களோடு அவற்றை ஒப்பிடுவார்கள். பின்னர் துறை தெரிந்த வேறு அறிஞர்கள் அதைப் படித்துக் குறை தேடுவார்கள். இவ்வளவையும் தாண்டினால்தான் வரைபடத்தில் ஒரு புள்ளி கூடும்.

சரி, நமது பாம்பு கடல் தாண்டி எப்படிப் போனது? இன்று நம்மையும் இந்தியாவையும் பிரிக்கும் பாக்குநீரிணை ஆழமற்ற கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் தண்ணீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வரை தரைவழி இருந்தது. மிருகங்கள் அங்குமிங்கும் போய்வந்தன. கடல் ஏறியபோது ஒரே இனம் இரு கரைகளிலும் பிரிந்து நின்றிருக்கக் கூடும். இங்கே இருந்தது நூலில் ஏறியது. அங்கே இருந்தது 2015 வரை ஏறவில்லை. "இல்லை" என்பதும் "யாரும் காணவில்லை" என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஒரு பாம்பு எங்கே வாழ்ந்தால் நமக்கென்ன என்று சில சகோதரிகள் நினைக்கலாம். கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். சிங்களத்தில் 'குணகட்டுவா' எனப்படும் சிறிய விரியன் நம் தோட்டங்களிலும் உண்டு, கேரள மலைப்பக்கங்களிலும் உண்டு. பாம்பு நூல்களில் இருந்த இவ்விடயம் அங்குள்ள வைத்தியசாலைகளைச் சரியாக எட்டவில்லை. கடித்த பாம்பைச் சுருட்டை விரியன் என்று எண்ணி, அதற்குரிய மாற்றுமருந்தை ஏற்றி வந்தார்கள். பலனில்லை. பாம்புகளைச் சரியாக அடையாளம் கண்டு, உயிராபத்தை உண்டாக்கியது குணகட்டுவாதான் என்று உறுதிப்படுத்திய ஆய்வு 2007இல்தான் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்படும் அந்த மாற்றுமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. குணகட்டுவாவின் நஞ்சை அது முறிக்காது. நமது வைத்தியசாலைகளிலும் அந்த இந்திய மருந்தே பாவிக்கப்படுகிறது. ஆகவே கடித்தது எது என்று தெரிந்தால், வேண்டாத மருந்தை ஏற்றி நோயாளியைத் துன்புறுத்தாமல், சிறுநீரகத்தைக் காக்கும் வைத்தியத்தில் கவனம் செலுத்த முடியும்.

எனவே வீட்டில் பாம்பைக் கண்டால், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். கையில் தொலைபேசி இருந்தால் எட்ட நின்றபடியே ஒரு படம் எடுங்கள். துரத்திப் போகவும் வேண்டாம், பிடிக்கப் போகவும் வேண்டாம். பாம்பைப் பாதுகாப்பாகப் பிடிக்கப் பழகியவர்கள் ஊரில் இருந்தால் அழையுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிக்கலாம்.

யாரையாவது கடித்துவிட்டால் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீமையே தரும். படம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

பிள்ளைகள் "உம்மா, அது என்ன பாம்பு?" என்று கேட்டால், "பாம்பு பாம்புதான், போ!" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். தெரியாவிட்டால், படத்தைப் பார்த்து இருவருமாகத் தேடிப் பாருங்கள். சேஷாசலக் காட்டில் நின்றவர்கள் கேட்டதும் அதே கேள்விதான்.