இரண்டாம் மனுதாரர்

கடந்த ஆண்டு சேர்க்கை முடிந்திருந்த சமயம். முதலாமாண்டு மாணவி ஒருத்தி துறை வாசலில் தயங்கி நின்றாள். கையில் கட்டண ரசீது.

"மேடம், இதுல காலேஜ் சீல் வேணும். வக்கீல் கேட்டாரு."

"எதுக்கும்மா?"

"அப்பா மேல கேஸு மேடம். எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சாம். இனிமே காசு தர வேண்டியதில்லன்னு சொல்லிட்டாரு."

அரூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது வந்த நீதிமன்ற உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். முதல் மனுதாரர் அம்மா. இரண்டாம் மனுதாரர் இவள்: மைனர், தாயும் காப்பாளருமான முதல் மனுதாரர் வழியாக. இரண்டாம் மனுதாரருக்கு மாதம் 1,500 ரூபாய். நாளொன்றுக்கு 50 ரூபாய். அங்கன்வாடிக்குப் போனபோதும் அதுதான், பிளஸ் டூ படித்தபோதும் அதுதான். அதுவும் எல்லா மாதமும் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளில் அவள் வளர்ந்தாள், விலைவாசி வளர்ந்தது, பெங்களூரில் மேஸ்திரி வேலை பார்க்கும் அப்பாவின் கூலியும் வளர்ந்தது. அந்தத் தாளில் இருந்த எண் மட்டும் வளரவில்லை.

சொற்களோடு பிழைப்பவள் நான். ஜீவனாம்சம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஜீவனம், அம்சம். பிழைப்பதற்கான பங்கு. பங்கு என்றால் அது உரிமை. பேச்சுவழக்கிலோ அது பிச்சைக்குப் பக்கத்துச் சொல்லாகிவிட்டது. "ஜீவனாம்சம் வாங்கித் தின்றவள்" என்று ஊரில் சொல்லும்போது அதில் குழந்தை எங்குமே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கும் பணம், அவள் நல்லவளாக இருந்தால் கொடுக்கலாம், வாயாடியாக இருந்தால் நிறுத்தலாம். குழந்தையின் சோறு அம்மாவின் நடத்தைச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. இரண்டிலும் மனைவி ஒரு தனி வரி, குழந்தை ஒரு தனி வரி. தாலி கட்டிப் பிறந்ததா, கட்டாமல் பிறந்ததா என்ற பேதமும் குழந்தைக்குக் கிடையாது. நம் மாவட்டத்தில் பள்ளி வயதில் கட்டிவைக்கப்பட்டு, இருபது வயதுக்குள் கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். "வயசுக்கு முன்ன நடந்த கல்யாணம், செல்லாது, கேஸ் போட முடியாது" என்று அவர்களைப் பயமுறுத்துகிறார்கள். பொய். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமே அந்தப் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்கிறது.

அந்தத் தாயும் தன் குழந்தையின் பங்கைக் கைவிடலாமா? இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும்.

பரஸ்பர சம்மதத்தில் மணவிலக்கு வாங்கியவள் நான். மகனுக்கு அப்போது ஐந்து வயது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் கையெழுத்து கிடைக்கும் என்றார்கள். கொடுத்தேன். நீதிமன்ற வாசலிலேயே தோழிகள் கையைப் பிடித்துக்கொண்டு சுயமரியாதைக்காரி என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பத்து வருடம் ஓட்டினேன். விடைத்தாள் திருத்தியும், சீட்டுக் கட்டியும், நகையை அடகு வைத்தும் பிள்ளையை வளர்த்தேன். ஒருநாள் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "உனக்கு வேணாம்னு நீ சொன்ன சரிம்மா. எனக்கும் வேணாம்னு யாரு சொன்னது?"

பதில் இல்லை. நான் விட்டுக்கொடுத்தது என் பணமல்ல. அது அவனுடையது. என் சுயமரியாதைக்கு அவன் விலை கொடுத்தான். அவனுடைய அப்பாவுக்கு அதனால் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை, தகப்பன் என்ற பட்டமும் போகவில்லை. பெற்றோர் தமக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது குழந்தையின் உரிமையை அழிக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருப்பதை நான் பிறகுதான் படித்தேன். படித்தவள், முனைவர் பட்டம் வாங்கியவள், எனக்கே இது தெரியவில்லை. புளி உடைக்கப் போகிற அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கணவர் ஓசூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வழக்கு முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும், பிள்ளையின் படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தகப்பன் ஏற்க வேண்டும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்கிறது அது. "வேலை இல்லை" என்பதும் பதிலாகாது. உடம்பில் தெம்பிருந்தால் கூலிக்குப் போயாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் அதே நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு இருந்தும் அந்த 1,500 ரூபாய் ஏன் வளரவில்லை? சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். முன்பு 127ஆவது பிரிவு, இப்போது 146. ஆனால் கேட்க வேண்டியவள் அம்மா. புதிய மனு, புதிய சம்மன், "விலாசத்தில் ஆள் இல்லை" என்று அது திரும்பி வருவது, வாய்தா, மறுபடி வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். 500 ரூபாய் கூடுதலாகக் கேட்க அதைவிட அதிகம் செலவழிக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஏறி நின்று அவள் நிரூபிக்க வேண்டிய சூழ்நிலை மாற்றம் என்ன? குழந்தை வளர்ந்துவிட்டது என்பது. நாலு வயதுக் குழந்தை பத்து வயதில் பத்து வயதாக இருக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா?

இந்தக் கஞ்சத்தனம் சட்டத்துக்குப் பழக்கமானது. 125ஆவது பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு 2001 செப்டம்பர்வரை இருந்தது. வரம்பு போய்விட்டது, அந்த மனம் போகவில்லை.

கொடுக்காதவனை என்ன செய்வது? நிறைவேற்று மனுப் போட வேண்டும். தொகை பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும், தவறினால் அந்த வழியில் வசூலிக்க முடியாது. பாக்கிக்காகச் சிறைக்கு அனுப்பலாம், ஆனால் சிறைக்குப் போனதால் கடன் தீராது என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. "உள்ளே இருந்துவிட்டு வந்துவிட்டேன், கணக்கு முடிந்தது" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தொலைக்காட்சி விவாதங்களில் சட்டம் ஆண்களைப் பிழிகிறது என்கிறார்கள். பொய் சொல்லும் பெண்கள் இருக்கலாம், அதற்குத்தான் இரு தரப்புக்கும் பிரமாணப் பத்திரம். ஒரு குழந்தை எப்படிப் பொய் வழக்குப் போடும்? மனைவியிடம் ஆயிரம் குறை இருக்கட்டும். குழந்தை யாரிடம் குற்றம் செய்தது?

2023 ஜூலை 24 அன்று, இதே மாவட்டத்தின் தொப்பூரில், மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அந்தச் செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்றே வைத்தார்கள். சரியான சொல். அரசாங்கத்தால் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப முடிகிறது. பெற்ற தகப்பனால் ஒரு பிள்ளைக்கு அனுப்ப முடியவில்லை, அவனை அனுப்பவைக்க அதே அரசாங்கத்தாலும் முடியவில்லை என்றால் யார் நம்புவது?

ஜெர்மனியில் தகப்பன் கொடுக்காவிட்டால் அரசு முதலில் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அவனிடம் வசூலிக்கிறது. 1980 முதல் நடக்கிறது. அங்கே வயதுக்கு வயது தொகை ஏறும் அட்டவணை ஒன்றும் உண்டு. நாம் கேட்க வேண்டியவை இவைதான். ஒவ்வொரு உத்தரவிலும் ஆண்டுதோறும் தானாக ஏறும் விகிதம் எழுதப்பட வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் தகப்பன் படியேறட்டும். பாக்கியை அரசு முன்பணமாகக் கொடுத்துவிட்டு அவனைத் தேடட்டும். தேடும் வேலை பெண்ணுடையதல்ல.

அதுவரை ஒரு வழி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

அந்த மாணவியை நான் அங்குதான் அழைத்துப் போனேன். பதினெட்டு முடிந்தால் 144ஆவது பிரிவின் கதவு அவளுக்கு மூடிவிடுகிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத மணமாகாத மகளைக் காக்கும் கடமையைப் பெற்றோர்மேல் வைக்கிறது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதன்படி புதிய மனு தயாரானது. இளம் பெண் வழக்கறிஞர் ஒருவர் தட்டச்சு செய்த பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் முதல் வரியை இரண்டு தரம் படித்தாள். "மேடம், அம்மா பேரு இல்லையே?"

"இது உன் வழக்கும்மா. நீதான் மனுதாரர்."

அடுத்த வாய்தா அன்று அவளுக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. வேறொரு நாள் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.