எத்தனை டீ?

உலகத்துல ஆயிரம் பிரச்சனை இருக்கும்போது டீயைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. ரெப்போ ரேட், வாராக்கடன் பத்தியெல்லாம் ஆபீஸ்ல பேசியே வாய் வலிக்குது. வீட்டுக்கு வந்தும் அதையே எழுதினா வீட்டுக்காரம்மா லேப்டாப்பைப் பிடுங்கி வெச்சிடுவாங்க. அதனால இன்னிக்கு டீ, காபி, பக்கத்து வீட்டு ரசம். ஆனா நடுவுல ஒரு கணக்கும் வரும். பி.காம். படிச்சவன் கணக்கு இல்லாம எப்படிப் பேசுவான்?

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு டம்ளர் டீ கொடுக்குற சுகத்துல பாதிதான் டீயோடது. மீதிப் பாதி, 'நீயும் எங்க கணக்குல இருக்கே'ன்னு யாரோ ஒருத்தர் நினைச்சாரே, அதோட சுகம். அந்த மீதிப் பாதியைக் கொடுக்கப் பெரிசா காசு செலவாகாது. ஆனா நம்ம ஆபீசுகள்ல அதைத்தான் ரொம்பக் கஞ்சத்தனமா கொடுக்கிறோம்.

முதல்ல இருக்கிற இடத்தைச் சொல்லிடறேன். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பேங்க் உத்தியோகம்னா டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எந்த ஊருக்கு வருதோ அந்த ஊர்தான் நம்ம ஊர். இப்போ பெங்களூர்ல மர்பி டவுன். அல்சூர் ஏரிக்கரையிலேருந்து நடந்தே வந்துடலாம். அந்த ஏரிக்கரையிலதான் நம்ம திருவள்ளுவர் இருக்கார். 1991-லேயே சிலை தயார். ஆனா ஊர் நிலவரம் சரியில்லாம பதினெட்டு வருஷம் மூடியே வெச்சிருந்து, 2009 ஆகஸ்ட்லதான் திறந்தாங்க. வெளியூர்ல வந்து நிக்கிறவனுக்கு எவ்வளவு பொறுமை வேணும்னு ஐயனைப் பார்த்துக் கத்துக்கணும் :-)

மர்பி டவுனுக்கு முன்னாடி பேரு நாக்ஸ்பேட்டை. 1809-ல இங்கே வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்டான். அப்புறம் பட்டாளத்துக்குப் பின்னாலேயே வேலை தேடித் தமிழ் ஜனங்க நிறைய வந்தாங்க. அப்படி வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் இருந்த பேட்டைகள்ல இதுவும் ஒண்ணு. மர்பிங்கறது கன்டோன்மென்ட் பகுதியில இருந்த ஒரு இன்ஜினியரோட பேரு. இன்னிக்கும் இங்கே சந்துக்குள்ள நடந்தா தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே வாக்கியத்துல வரும். இதுல எது என் மொழின்னு யோசிக்கிறதை நிறுத்திட்டேன்.

இந்த ஊர்ல எனக்கு முதல்ல பிடிச்ச வார்த்தை "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சான்னு அர்த்தம். பதில் கேக்குறவங்களுக்கு முக்கியமில்லை. நம்ம ஊர்ல "சாப்டாச்சா?"ன்னு கேக்குறதும் அதே ஜாதிக் கேள்விதான். பசி பத்தின விசாரணை மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கிறது வேற: உன்னைப் பார்த்துட்டேன், நீ இங்க இருக்கிறது எனக்குத் தெரியும்.

இரண்டாவதா பிடிச்சது 'பை டூ'. பெங்களூர்வாசிகளுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காக: ஒரு காபி சொல்லி, இரண்டு டம்ளர்ல பாதிப் பாதியா வாங்கிக்கிறது. 1983-ல ஜெயநகர்ல கஃபே தர்ஷினி வந்ததுக்கப்புறம் ஊர் பூரா தர்ஷினிகள் முளைச்சுது. நின்னுக்கிட்டே சாப்பிடுற ஓட்டல். அந்த உயரமான மேஜையில ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனிக்காரர், இன்னொரு பக்கம் ஆட்டோக்காரர், நடுவுல நானும் என் கேசரிபாத்தும். அங்கே போய் "பை டூ காபி"ன்னா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. பாதி காபிக்கும் நுரை உண்டு, சூடு உண்டு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், யாரும் யாருக்கும் தர்மம் பண்ணலை. இவர் பாதி, அவர் பாதி. கையில காசு கம்மியா இருந்தாலும் கௌரவமா குடிக்கலாம். இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் ஒரு காபி குடிச்சிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துட்டுப் போவார். பின்னாடி வர்ற முகம் தெரியாத யாரோ ஒருத்தர் அதைக் கேட்டு வாங்கிக் குடிச்சுக்கலாம். அதுக்கு அவங்க மொழியில 'நிறுத்தி வெச்ச காபி'ன்னு பேரு. பேங்க்காரன் காதுக்கு அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு கேக்குது. எங்க சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல விழுந்த காசு வெளியில வர்றதுக்குள்ள ஆடிட்டர் வந்துடுவார். நேப்பிள்ஸ்ல அது நாலு மணி நேரத்துல ஒரு ஏழையோட வயித்துல போய்ச் சேர்ந்துடும். நல்ல ரீகன்சிலியேஷன்!

வீட்டுப் பக்கம் வருவோம். எதிர் வீட்டு அக்கா மூணு தலைமுறையா இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். ஜூலை மாசச் சாரல்ல எனக்கு ஜலதோஷம் பிடிச்சா, நான் தும்முற சத்தத்தை எண்ணிட்டே ரசம் அனுப்புவாங்க. எவர்சில்வர் தூக்குல, மிளகு தூக்கலா, மேலே ஒரு அப்பளம். நம்ம வழக்கப்படி அந்தத் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒண்ணுமில்லைன்னா ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்பணும். நான் ஊருக்குப் போய்ட்டு வந்தா அல்வா போகும். அல்வா போன பாத்திரத்துல மறுபடி பிரியாணி வரும். டெபிட்டும் கிரெடிட்டும் என்னிக்குமே டேலி ஆகாத ஒரே கணக்கு இதுதான். டேலி ஆயிட்டா உறவு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

சரி, இதெல்லாம் இனிப்பான பக்கம். இதே டம்ளருக்குக் கசப்பான பக்கமும் இருக்கு. அதைச் சொல்லாம டீயைப் புகழ்ந்தா அது பொய்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க பக்கத்துக் கிராமங்கள்ல டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்திருக்கேன். பெஞ்சுல உக்கார்றவங்களுக்கு ஒரு கிளாஸ். சேரியிலேருந்து வர்றவங்களுக்கு ஓரமா தனி கிளாஸ். குடிச்சதை அவங்களே கழுவி வெக்கணும். தீண்டாமை செல்லாதுன்னு அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவுல 1950-லேயே எழுதியாச்சு, 1955-ல தண்டனைக்குச் சட்டமும் வந்தாச்சு. கிளாஸ் மட்டும் அங்கேயே தொங்கிட்டிருந்தது. அப்புறம் பிளாஸ்டிக் கப், பேப்பர் கப் வந்தப்போ சில ஊர்கள்ல அதையே அவங்களுக்கு மட்டும்னு ஒதுக்கி, புது மாதிரியா பழசையே செஞ்சாங்க. பட்டணம் மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்லை. 1957-ல சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே பெயர்ப்பலகையில இருந்த 'பிராமணாள்'ங்கற வார்த்தையை எடுக்கச் சொல்லிப் பெரியார் ஆட்கள் மாசக்கணக்கா மறியல் பண்ணிக் கைதாக வேண்டியிருந்தது.

ஒரு டம்ளருக்காக இவ்வளவு பேர் ஏன் ஜெயிலுக்குப் போனாங்க? தாகத்துக்காக இல்லை. டீ குடிக்கற இடத்துல யாரைச் சேர்க்கறோம்ங்கறதுதான் யாரை மனுஷனா நினைக்கறோம்ங்கறதுக்கு அளவுகோல். அதனாலதான், டீயைச் சின்ன விஷயம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

இப்போ ஆபீசுக்கு வர்றேன். நான் வேலை பார்த்த ஒரு பிராஞ்ச். எந்த ஊர், எந்த ஏரியான்னு கேக்காதீங்க. காலையில பதினொண்ணு, சாயங்காலம் நாலு மணிக்குக் கடைப்பையன் வந்து கேப்பான்: "எத்தனை டீ?" யாராவது தலையைத் தூக்காமலே "ஒம்பது"ம்பாங்க. ஆபீசர், கிளார்க், பியூன் எல்லாம் சேர்த்து ஒம்பது. ஆனா அந்தக் கூரைக்குக் கீழ பன்னெண்டு பேர் இருந்தோம். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற எக்ஸ்-சர்வீஸ்மேன், கூட்டித் துடைக்கிற அம்மா, ஏ.டி.எம். பக்கம் நிக்கிற தம்பி. மூணு பேரும் காண்ட்ராக்ட்.

யாரும் கெட்டவங்க இல்லைங்க. ஆனா பட்டியல்ல இல்லாத ஆள் கண்ணுக்கும் தெரிய மாட்டேங்கறார். முன்னெல்லாம் பேங்க்ல கூட்டுறவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, பாதி, முக்கால்னு ஏதோ ஒரு ஸ்கேல் வேஜஸ் இருக்கும். கொஞ்சமோ நஞ்சமோ, அவங்க பேரு நம்ம ரிஜிஸ்டர்ல இருந்தது. இப்போ அந்த வேலையில பெரும்பகுதி ஏஜென்சி வழியா நடக்குது. பில்லுல 'ஹவுஸ்கீப்பிங் ஒண்ணு'ன்னு வரும், பேரு வராது.

ஒரு நாள், ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷம் பாக்கி இருந்த கிளார்க் மேடம் ஒருத்தங்க, பையன் கேட்டதும் "பன்னெண்டு"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, யூனியன் தீர்மானம் இல்லை. "யாரு மேடம் கெஸ்ட்?"னு ஒருத்தர் கேட்டார். "கெஸ்ட் யாரும் இல்லை சார், நாமதான்"னாங்க. அந்த வாரம் முழுக்க மூணு டீக்கு அவங்களே காசு கொடுத்தாங்க. அடுத்த வாரம் எல்லாரும் பங்கு போட ஆரம்பிச்சோம்.

முதல்ல சொன்ன கணக்கு இதோ. ஒரு டீ 12 ரூபாய். மூணு பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஆறு டீ, 72 ரூபாய். மாசத்துக்கு 24 வேலை நாள்னு வெச்சா 1,728 ரூபாய். ஒம்பது பேர் பங்கு போட்டா தலைக்கு 192 ரூபாய். ஒரு தியேட்டர் பாப்கார்ன் டப்பாவுக்குக்கூட பத்தாது.

கூட்டித் துடைக்கிற அம்மா முதல் இரண்டு நாள் டீயை எடுத்துட்டுப் போய் ரெக்கார்ட் ரூம் வாசல்ல நின்னு குடிச்சாங்க. மூணாவது நாள் மேடம் அவங்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. என்னைக் கேட்டா டீயை விடப் பெரிய செலவு அந்த நாற்காலிதான். அதுக்கு மனசு வேணும்.

இதுக்கு நண்பர்கள் இரண்டு மறுப்பு சொல்வாங்க. இரண்டுமே நியாயமானது.

ஒண்ணு: "டீ கொடுத்துட்டா ஆச்சா? அவங்களுக்கு வேண்டியது சம்பளம்." நூத்துக்கு நூறு உண்மை. டீ சம்பளத்துக்கு ஈடு ஆகாது. அதனால டீயோட இன்னொரு வேலையும் சேர்த்துச் சொல்றேன். காண்ட்ராக்டர் பில் நம்ம மேஜைக்குத்தான் வருது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான் இணைச்சிருக்காங்களா, அதுல நம்ம ஆளோட பேரு இருக்கான்னு பாருங்க. சம்பளம் கையில வந்துச்சான்னு அவங்களையே ஒரு வார்த்தை கேளுங்க. காண்ட்ராக்டர் கொடுக்கலைன்னா வேலை வாங்குற நிறுவனம்தான் கொடுக்கணும்னு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லிச்சு. 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்லுது. என் அனுபவத்துல, கூட உக்காந்து டீ குடிச்ச ஆளோட சலானைத்தான் நாம அக்கறையா தேடுவோம். டீ குடிக்காதவர் வெறும் வவுச்சர்.

இரண்டு: "இது மேலேருந்து கீழ போடுற பிச்சை மாதிரி இல்லையா?" ஆகலாம். மிச்ச டீயைப் பேப்பர் கப்புல ஊத்திக் கொடுத்தா அது பிச்சைதான். அதே நேரம், அதே கப், அதே பக்கத்துல உக்காந்துன்னா அது பை டூ. சாப்பாடு போடறதுலயும் இந்த வித்தியாசம் தெரிஞ்ச அரசாங்கங்கள் உண்டு. 2013-ல சென்னையில அம்மா உணவகம் வந்தப்போ இட்லி 1 ரூபாய். 2017-ல பெங்களூர்ல இந்திரா கேன்டீன் வந்தப்போ டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். சும்மாவே கொடுத்திருக்கலாமேன்னு தோணும். ஆனா அந்தச் சின்னக் காசை நீட்டுறவர் வரிசையில கஸ்டமரா நிக்கிறார். எனக்கு சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு உரிமையோட கேக்கலாம்.

வெளியூர்ல பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரியும். நம்மை யாருக்கும் தெரியாத ஊர்ல ஒரு கடைக்காரர் "சார், உங்களுக்குச் சக்கரை கம்மிதானே?"ன்னு கேக்கறப்போ கிடைக்கிற நிம்மதி இருக்கே, அதை எந்த ப்ரொமோஷன் ஆர்டரும் கொடுக்காது. அந்த நிம்மதி நமக்குக் கிடைச்சதுன்னா, நம்ம வாசல்ல எட்டு மணி நேரம் நிக்கிறவருக்கும் அது வேணும்தானே? அவரும் பிழைக்க வந்தவர்தான். பல சமயம் நம்மை விடத் தூரத்துலேருந்து.

அதனால நாளைக்குக் காலையில கடைப்பையன் வந்து கேக்கும்போது ஃபைல்லேருந்து ஒரு நிமிஷம் தலையைத் தூக்குங்க. வாசல்லேருந்து ஆரம்பிச்சு, ரெக்கார்ட் ரூம் வரைக்கும் பாருங்க. அப்புறம் எண்ணிச் சொல்லுங்க.

உங்க ஆபீஸ்ல எத்தனை டீ?